பத்துக்கு எத்தனை

நான்காம் செமஸ்டரில் ஐந்து மதிப்பெண் கேள்வி:
செவிலியப் பணியில் பண்பாட்டு அறிவின் அவசியம் யாது?
ஒன்றரைப் பக்கம் எழுதினேன், அடிக்கோடு போட்டு.
நாலரை கொடுத்தார்கள்.
மிச்ச அரை எங்கே போனதென்று
கூடலூர் வரும்வரை கவலைப்பட்டதில்லை.

ஆடி மழை.
நாடுகாணிப் பக்கம் மரம் சாய்ந்து
கரண்ட் போன இரவு.
ஜெனரேட்டர் தியேட்டருக்கு மட்டும் உறுமியது.
பெண்கள் வார்டில் ஈரக் கம்பளி, டெட்டால்,
யாரோ இருட்டில் உரித்த ஆரஞ்சு.

பதினோராம் கட்டிலில் கெம்பி.
பணியர் காலனியிலிருந்து ஜீப்பில் வந்தவள்.
சீட்டில் வயது முப்பது.
நான் போட்டதுதான்.

சுவரில் ஆறு மஞ்சள் முகங்கள் உண்டு,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்.
டார்ச் அடித்துக் காட்டினேன்.
குரலை உயர்த்தினேன்.
பாஷை புரியாதவர்களுக்குக்
காதும் கேட்காது என்று
எங்களுக்கு ஒரு நம்பிக்கை.
வலி எத்தனை? பத்துக்கு எத்தனை?

முகங்களைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
ரெண்டு, என்றாள்.

ரெண்டு என்று எழுதினேன்.
ரெண்டுக்கு ஒரு பாராசிட்டமால்.
இன்னும் நாலு கட்டிலுக்கு ஊசி பாக்கி.

ஒன்றேமுக்காலுக்குக் கட்டில் காலி.
ஓடிவிட்டாள் என்று ரெஜிஸ்டரைத் திறந்தேன்,
அந்த வரி எனக்கு மனப்பாடம்.
எழுதும்முன் டார்ச் தவறிக் கீழே உருண்டு
அவள் பாதத்தில் போய் நின்றது.

கட்டிலுக்கு அடியில்,
வெறும் சிமெண்டில்,
முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு.
ட்யூபில் ரத்தம் ஏறியிருந்தது.
திட்டினேன். மேலே ஏறு என்றேன்.
அப்புறம்தான் வயிற்றைத் தொட்டேன்.
பலகை.

மூன்று மணிக்குத் தியேட்டர்.
குடல்வால் வெடித்திருந்தது.
ரெண்டுன்னுதானே சொன்னா டாக்டர், என்றேன்.
அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார்.
ஏதாவது சொல்லியிருந்தால்
சண்டையாவது போட்டிருப்பேன்.

விடிந்ததும் கேண்டீன் ஷைலஜா
மலையாளத்தில் கேட்டுப் பார்த்தாள்.
பாதிதான் பிடிபட்டது அவளுக்கும்.
பாதி போதும்:
"எத்தனைன்னு நீ கேட்டியாம்.
ரெண்டு குட்டிங்களாம்.
மழையில தனியா இருக்காம்."

நான் சாத்தூர்க்காரி.
எங்கள் வீட்டில் வலிக்கு ஒரு பேர் கிடையாது.
குத்தல் வேறு, குடைச்சல் வேறு.
உளைச்சல், கடுப்பு, சுள்ளென்று,
விண்விண்ணென்று, பிசைகிற மாதிரி, 
சொல்லத் தெரியல அப்படியும் ஒன்று.
அம்மாவிடம் யாரும் பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால்
காய்கறி விலை என்று நினைத்திருப்பாள்.
இத்தனையும் வைத்துக்கொண்டு
ஒரு எண்ணைத்தான் கேட்டேன்.

ஐந்து பேருக்குப் போன் போட்டு
மத்தியானம் ஜீப் வந்தது.
பெரியதுக்கு ஆறு வயதிருக்கும்,
இந்த முறை சீட்டில் எழுதவில்லை.
இரண்டும் கட்டிலை ஏறிட்டுப் பார்க்காமல்
நேராக அதன் அடியில் போய் உட்கார்ந்தன.

நாலாம் நாள் அவளும் இறங்கிவிட்டாள்.
ஏன் கீழே என்று கேட்கச் சொன்னேன்.
ஷைலஜா உதட்டைப் பிதுக்கினாள்.
உயரமா, தனிமையா,
கட்டிலில் முன்பு செத்தவர்களா,
நானே மூன்று காரணம் தயாரித்தேன்.
மூன்றையும் அவள் தலையில் கட்டாமல்
பாயை விரித்தேன், மேலே இரண்டு கம்பளி.
ஸ்டாண்ட் நின்ற இடத்திலேயே நின்றது,
சலைனுக்கு இறங்கத் தெரியும்.

மேட்ரன் கத்தினார்.
வார்டா சந்தையா என்றார்.
தையலைப் பாருங்க மேடம், என்றேன்.
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.
முழங்கால் வலியோடு குனிந்தார்.
டியூட்டி மாற்றும்போது சொன்னேன்:
பதினொன்று, கீழே.

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரை உறையில்
பாதிச் சூரியன், முழுச் சூரியன், நிலா
வரைந்து கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்தாள்.
ஏதோ கேட்டாள்.
ஷைலஜா இல்லை.
வழக்கம்போல் தலையாட்டப் போனேன்,
ஆட்டவில்லை.
தெரியல, என்று கையை விரித்தேன்.

அவள் மறுபடி கேட்டாள்,
எனக்குக் காது கேட்காது என்பதுபோல்,
கொஞ்சம் சத்தமாக.